உதிரப்பட்டியும் ஓய்வூதிய ஆணையும்: படைவீரர் குடும்பங்களின் குடியிருப்புக்குப் பொறுப்பேற்றோர் – செட்டிகுளம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

போரில் இறந்த வீரனின் குடும்பமும், போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரனும் இருப்பிடம் இழக்கும் நிலையைத் தமிழ்ச் சமூகம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உதிரப்பட்டி முதலான நிலக்கொடைகள், வணிகக் கணங்களின் வீரப்பட்டினங்கள், கம்பெனிப் படையின் குடும்ப ஏற்பாடுகள், 1945-இல் தொடங்கிய வயநாட்டுக் குடியேற்றம், இன்றைய ஓய்வூதிய முறை ஆகியவை நோக்கப்படுகின்றன. கொடையின் அளவைக் காட்டிலும், கொடைக்கு அருகிலிருந்து பொறுப்பேற்ற அமைப்பு எது என்பதே குடும்பத்தின் இருப்பிடத்தைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உதிரப்பட்டி, நடுகல், எறிவீரப்பட்டினம், சிப்பாய், வயநாட்டுக் குடியேற்றம், குடும்ப ஓய்வூதியம், வீடற்றோர், செட்டிகுளம்

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் பாடாலூரைக் கடந்து ஆலத்தூர் கேட்டில் மேற்கே திரும்பினால் செட்டிகுளத்தை அடையலாம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், ஏகாம்பரேசுவரர் கோயிலாலும் குன்றின்மேல் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணியாலும் அறியப்படுவது; வேளாண் சந்தையில் சின்ன வெங்காயத்தால் அறியப்படுவது. போர் வரலாற்றில் இவ்வூருக்குத் தனி இடமில்லை. எனினும் இதன் வடக்கே வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும், தெற்கே ஊட்டத்தூரும், கிழக்கே அரியலூர், உடையார்பாளையம் ஆகிய பாளையங்களும், அவற்றுக்கும் கிழக்கே கங்கைகொண்ட சோழபுரமும் அமைந்துள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் படைகள் நடந்த நிலப்பரப்பு இது.

படைகளின் நடையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. படை கலைந்தபின் வீரன் எங்குச் சென்றான், அவன் இறந்திருந்தால் அவன் மனைவியும் மக்களும் எந்தக் கூரையின்கீழ் இருந்தனர் என்ற வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. புறத்திணை மரபு வீரனின் இறப்பைப் பாடியது. மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் பாடியது. கைம்மை நோன்பின் கடுமையையும் பாடியது. கணவனை இழந்தவளின் மனைக்கட்டு யாருடையது என்பதை அறியப் பாட்டைவிடக் கல்லே உதவுகிறது.

நடுகல்லும் உதிரப்பட்டியும்

செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டறியப்பட்டபின் நடுகல் எழுத்தின் தொன்மை பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்றது. இவ்விரு நிகழ்வுகளாலும் நடுகல் ஆய்வு எழுத்தியலையும் வழிபாட்டையும் மையமாகக் கொண்டு வளர்ந்தது. அவற்றின் நிர்வாகத் தன்மை சற்றுப் பின்தங்கிப் போனது என்பது என் கருத்து.

பல்லவர், சோழர் கால நடுகற்களின் வாசகத்தை ஒரு பதிவேட்டின் வரியாகப் படித்துப் பார்க்கலாம். மன்னனின் ஆட்சியாண்டு, நாடு, ஊர், வீரன் எந்தத் தலைவனின் சேவகன், எந்த நிகழ்ச்சியில் பட்டான், அவன் பெயர் என்ன என்பவை ஏறக்குறைய இதே வரிசையில் வருகின்றன. இன்ன ஊரில் இன்ன நாளில் இன்னான் இறந்தான் என்பதை ஊரார் அனைவரும் காணும் இடத்தில் நிறுத்துவது, அவன் குடும்பத்தின் நிலையைப் பொது அறிவாக்குவதும் ஆகும். பின்னாளில் எவரும் மறுக்க இயலாத சான்று அது.

இச்சான்றோடு சில இடங்களில் நிலக்கொடையும் சேர்ந்தது. குருதி சிந்தி இறந்தவனின் வழியினருக்கு அளிக்கப்பட்ட நிலம் ‘உதிரப்பட்டி’ எனப்பட்டது. ‘இரத்தக்காணிக்கை’ என்ற வழக்கும் உண்டு. கன்னட நிலத்தை ஒட்டிய தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் இது ‘நெத்தர்பட்டி’ ஆயிற்று. குருதியைக் குறிக்கும் ‘நெத்தரு’ என்னும் கன்னடச் சொல் அதில் உள்ளது. எல்லை கடந்தும் ஒரே பொருளில் இச்சொற்கள் வழங்கியமை, இக்கொடை ஓர் அரசனின் தனிப்பட்ட இரக்கமாக அல்லாமல் தென்னிந்தியாவில் பரவலாக அறியப்பட்ட நடைமுறையாக இருந்ததைக் காட்டும்.

இந்நடைமுறையின் மூன்று கூறுகளை இங்குக் கருத வேண்டும். முதலாவது, கொடுக்கப்பட்டது நிலம். பொன்னோ நெல்லோ தீர்ந்துபோகும். விளைநிலம் ஆண்டுதோறும் பயன் தரும், குடும்பம் ஊரை விட்டுப் பெயராமலும் காக்கும். அடுத்து, கொடை வீரனின் ஊரோடு தொடர்புடையது. குடும்பம் தன் உரிமையைத் தேடி வேற்றூர் செல்ல வேண்டியதில்லை. மூன்றாவது கூறே எனக்கு முதன்மையாகப் படுகிறது. கொடையைக் காக்கும் பொறுப்பு ஊரவர், நாட்டார், சபையார் போன்ற அருகமை அமைப்பினரிடம் இருந்தது. ஓம்படைக் கிளவியும் சாபமும் கல்லில் பொறிக்கப்பட்டது அலங்காரத்துக்காக அன்று. அரசன் மாறினாலும் ஊர் மாறாது என்ற கணக்கு அதில் உண்டு.

இதனைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. நடுகல் பெற்ற அனைவரும் உதிரப்பட்டி பெறவில்லை. நடுகல்லும் பெறாதோர் அவர்களினும் பலர். கொடை பெரும்பாலும் ஆண்வழியில் சென்றது. மகனில்லாத கைம்பெண்ணின் பிடிமானம் தளர்வானதாகவே இருந்திருக்க வேண்டும். உதிரப்பட்டியைத் தமிழரின் மாறாப் பண்பாட்டுக் கூறாகக் கொண்டாடும் போக்கு இன்று பரவலாக உள்ளது. அது ஒரு நிர்வாக ஏற்பாடு; அதற்குரிய வலிமையும் ஓட்டைகளும் கொண்டது.

உயிரோடு மீண்ட வீரனுக்கு என்ன ஏற்பாடு இருந்தது? தலைநகரைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்கள் சிறிது துணைபுரிகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றி உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மெய்க்காவலர்க்கென அமைந்த புதிய ஊர் என்ற பொருளைக் கடைசிப் பெயரே சொல்லிவிடுகிறது. படைத்தொழிலோர் பாசறையில் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். அவர்க்கென ஊர் இருந்தது.

மற்றொரு புகலிடம் மடம். 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்தபோது, அவனது நண்பனும் சேரநாட்டுப் படைத்தலைவனுமான ஒருவன் அவன் அருகில் இல்லை. தலைவனோடு உயிர்விடத் தவறிய துயரில் உலகைத் துறந்து, கங்கை நீராடி, திருவொற்றியூர் வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் அங்கு மடத்தலைவரானான். திருவொற்றியூர்க் கல்வெட்டு இதனைக் கூறுகிறது. தோற்ற படையில் எஞ்சிய ஒருவனின் மனநிலையை இத்துணை வெளிப்படையாகப் பதிவு செய்த இடைக்காலச் சான்று அரிது. அவன் உயர்குடியினன் ஆதலால் மடத்தின் தலைமை அவனுக்குக் கிட்டியது. அவனுடன் வந்திருந்த காலாட்களுக்கு அத்தகைய வாயில் திறந்திருக்கும் என்று கருத இயலவில்லை.

வணிகரின் வீரர்கள்

‘செட்டிகுளம்’ என்ற பெயரில் வணிகர் இருக்கின்றனர். இடைக்கால வணிகமோ படைக்கலமின்றி நடந்ததில்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகக் கணங்கள் தம் சாத்துக்களைக் காக்க வீரர்களை வைத்திருந்தன. அவ்வீரர்களைச் சிறப்பித்துச் சில ஊர்கள் ‘எறிவீரப்பட்டினம்’ ஆக்கப்பட்டன. நத்தம் அருகிலுள்ள சமுத்திராப்பட்டி, சித்தூர்ப் பகுதியின் பாசினிக்கொண்டா, இலங்கையின் வாகல்கட முதலிய இடங்களில் இத்தகைய கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. எறிவீரப்பட்டினம் என்பது கோட்டை சூழ்ந்த சந்தையா, வீரர்களால் காக்கப்பட்ட வணிகர் ஊரா என்பதில் கா. இந்திரபாலா, மீரா ஆபிரகாம், நொபொரு கராசிமா ஆகியோர் வெவ்வேறு கோணங்களில் விளக்கம் தந்துள்ளனர்.

நம் வினாவுக்கு அந்த விவாதத்தின் முடிவைவிட, கொடுத்தவர் யார் என்பதே முதன்மையானது. இங்கு அரசு கொடுக்கவில்லை. வீரனின் தொண்டால் பயனடைந்த குழுவே கூடி முடிவெடுத்து, ஊரின் பழைய கடமைகளைத் தளர்த்திச் சிறப்புரிமை வழங்கியது. பயனடைந்தவன் பொறுப்பேற்றல் என்னும் இம்முறை, பிற்காலப் படை வரலாற்றில் பெரிதும் மறைந்துபோயிற்று.

கூலிப்படை நடந்த சாலை

1751 சூலையில் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரம் வந்தபோது, கேப்டன் சிஞ்சென்சு தலைமையிலான ஆங்கிலப் படை அங்கு நிலைகுலைந்து ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது. செட்டிகுளத்தார் அன்று புழுதியைக் கண்டிருப்பர். மறு ஆண்டு அதே சாலையில் படைகள் மீண்டும் மோதின. ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றில் இந்நிகழ்ச்சிகள் விரிவாக உள்ளன. அதில் ஐரோப்பிய அதிகாரிகளின் அச்சமும் துணிவும் பெயரோடு வருகின்றன. சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் வருகின்றனர். பெயர், ஊர், தலைவன், இறந்த விதம் என்று எழுதிய நடுகல்லின் வரியை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் படைகளுக்குச் சம்பளப் பாக்கி தீராத நோயாக இருந்தது. சம்பளம் கேட்டுக் கிளர்ந்த படைகள் பல. இத்தகைய கூலிப்படையில் ஒருவன் காலிழந்தால் அவனுக்கு உதவ யாருக்கும் கடமையில்லை. அவன் ஊர் அந்தப் போரில் ஒரு தரப்பே அன்று. நிலத்தோடு பிணைந்த படைத்தொழில் சம்பளத்தோடு பிணைந்ததாக மாறிய இடத்தில்தான் வீரனின் வீடற்ற நிலை தனிச் சிக்கலாகத் தோன்றுகிறது.

பாளையங்களில் பழைய முறை சிறிது காலம் நீடித்தது. கட்டுப்படிச் சேவகர் எனப்பட்டோர் சம்பளத்துக்கு ஈடாக நிலம் பெற்றுப் படைப்பணியும் காவற்பணியும் செய்தனர். 1801-இல் கர்நாடக ஆட்சி கம்பெனியிடம் வந்தது. திருச்சிராப்பள்ளியின் முதல் கலெக்டராக சான் வாலேசு பொறுப்பேற்றார். அவ்வாண்டு டிசம்பரில் பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்யும் அறிக்கை வெளியாயிற்று. பணி போனபின் அப்பணிக்கான நிலத்தை வைத்திருக்கும் நியாயமும் போயிற்று. 1816-இன் காவல் ஒழுங்குவிதி ஊர்க்காவல் முறையையும் மாற்றியது. 1858-இல் ஏற்பட்ட இனாம் ஆணையம், எஞ்சிய பணிமானியங்கள் பலவற்றை வரி நிர்ணயித்துத் தனிச்சொத்தாக்கியது. ஆட்சியாளர் நோக்கில் இவை சீர்திருத்தங்கள். காவல்தொழிற் குடிகள் பலரின் நோக்கில் பிழைப்பும் இருப்பும் ஒருசேர இழந்த காலம். அவர்களுள் சில குழுவினர் பின்னர்க் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டுக் கண்காணிப்புக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். 1911-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீடும் வேலையும் பறிபோனவரை அலைவோர் என்று குற்றஞ்சாட்டி அடைத்த இவ்வரலாறு, வீடற்றோர் குறித்த எந்த ஆய்விலும் விடுபடக்கூடாதது.

கம்பெனிப் படையின் குடும்பங்கள்

சென்னைப் படைக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. வங்காளப் படையில் சிப்பாயின் குடும்பம் பெரும்பாலும் சொந்த ஊரில் இருந்தது. சென்னைப் படையில் அது சிப்பாயோடு லைனில் இருந்தது. படை இடம் பெயர்ந்தால் மனைவி, மக்கள், முதியோர் என அனைவரும் பெயர்ந்தனர். ஆகவே சிப்பாய் இறந்தால் அவன் குடும்பம் துணையை மட்டும் இழக்கவில்லை. குடிசை நின்ற இடத்தில் இருக்கும் தகுதியையும் இழந்தது. சொந்த ஊரோ நூறு கல் தொலைவில்.

இதற்குக் கம்பெனி கண்ட விடை, சிறுவர்களைப் படைப்பிரிவோடு சேர்த்து வைப்பது. பணியில் உள்ள சிப்பாய்களின் மகன்களும் இறந்த சிப்பாய்களின் மகன்களும் சிறு தொகை பெற்றுப் பிரிவோடு வளர்ந்து, அகவை வந்ததும் படையில் சேர்ந்தனர். டபிள்யூ. சே. வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாறு இச்சிறுவர்களைப் பற்றிப் பேசுகிறது. அக்குடும்பம் தெருவுக்கு வராமல் தடுத்தது அச்சிறுவனின் தொகைதான். அதன் விலை அவனுடைய வருங்காலம். மகள்கள் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு இந்த வாயிலும் இல்லை.

வங்காளத்தில் வேறொரு சோதனை நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பணிக்கு இயலாத சிப்பாய்களுக்குப் பாகல்பூர்ப் பகுதியில் நிலம் அளித்துக் குடியேற்றினர். சீமா அலவி இக்குடியேற்றங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். இராசமகால் மலையடிவாரத்தில், பகாரியா மலைமக்களுக்கும் சமவெளிக்கும் இடையில் இவை அமைந்தன. ஓய்வுபெற்ற வீரனுக்கு வீடு. அரசுக்கோ செலவில்லாத எல்லைக்காவல்.

வயநாடு, 1945

இதே கணக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் சென்னை மாகாணத்தில் திரும்பியது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டோர் பெருந்தொகையினர். அப்போது மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தின் வயநாட்டில், 1945-இல் முன்னாள் படைவீரர் குடியேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. அம்பலவயல் அதன் மையம். காடு திருத்தி, மலைக்காய்ச்சலை எதிர்கொண்டு, நிலம் பகிர்ந்தனர்.

நல்ல நோக்கமுடைய திட்டம் என்பதில் ஐயமில்லை. நிலம், விதை, வழிகாட்டல் ஆகியவற்றை ஒருங்கே அளிக்க முனைந்தது. எனினும் அது வெற்றிடத்தில் நடைபெறவில்லை. குறும்பர், பணியர், நாய்க்கர் முதலான பழங்குடியினர் புழங்கிய நிலம் அது. குடியேற்றம் வளர வளர அவர்கள் தம் நிலத்திலேயே கூலிகளாயினர். ஒரு பிரிவினரின் வீடற்ற நிலையை மற்றொரு பிரிவினருக்கு மாற்றிவிட்டு அதனைத் தீர்வு என்று பதிவதில் ஆவணங்களுக்குத் தயக்கம் இருப்பதில்லை. உதிரப்பட்டியாக அளிக்கப்பட்ட நிலத்தை அதற்குமுன் உழுதவர் யார் என்று கல்வெட்டு சொல்லாததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

தொலைவிலுள்ள பதிவேடு

இன்றைய நிலைக்கு வருவோம். 1919-இல் அமைந்த இந்தியப் படைவீரர் வாரியம் 1975 முதல் கேந்திரிய சைனிக் வாரியம் எனப்படுகிறது. அதன்கீழ் மாநில, மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உள்ளன. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாக நிதி திரட்டப்படுகிறது. வருவாய் நிலையாணை 15-இன்கீழ் அரசு நில ஒப்படையில் படைவீரர்க்கு இடமுண்டு. 1995-96 முதல் இந்திரா குடியிருப்புத் திட்டத்திலும் முன்னாள் படைவீரரும் போரில் இறந்தோரின் குடும்பத்தாரும் சேர்க்கப்பட்டனர். ஆகவே ஏற்பாடுகள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வீரனின் குடும்பம் அன்று பெற்றதைவிட இன்று பெறத்தக்கது மிகுதி.

இடர் வேறிடத்தில் உள்ளது. சென்னைப் படைப்பிரிவில் பணியாற்றி இறந்த செட்டிகுளத்துக்காரர் ஒருவரைக் கற்பனை செய்வோம். அவருடைய பணிப்பதிவுகள் நீலகிரி வெலிங்டனில் உள்ளன. ஓய்வூதிய ஆணை பிரயாக்ராசிலிருந்து வருகிறது. பணம் ‘ஸ்பர்ஷ்’ இணைய முறை வழியே வழங்கப்படுகிறது. திருமணமும் குழந்தைப்பேறும் பணிக்காலத்திலேயே ‘இரண்டாம் பகுதி ஆணை’யில் பதியப்பட்டிருந்தால் மனைவி எளிதில் வாரிசாவார். பதியப்படாமல் விட்டிருந்தாலோ, ஆதாரில் ‘செல்லம்மாள்’ என்றும் பணிப்பதிவில் ‘செல்லம்மா’ என்றும் இருந்தாலோ, மாதங்கள் கழியும். கணவனின் உடன்பிறந்தார் பெயரில் பட்டா உள்ள வீட்டில் அந்த மாதங்களைக் கழிப்பது எப்படி என்பது எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை.

கைம்பெண்ணின் உரிமையைக் கணவன் வீட்டாரோடு பிணைக்கும் மனப்பாங்கு அண்மைக்காலம் வரை விதியாகவே இருந்தது. வீரவிருது பெற்று இறந்தவரின் மனைவி மறுமணம் செய்தால், இறந்தவரின் உடன்பிறந்தானை மணந்தால் மட்டுமே விருதுத் தொகை தொடரும் என்ற நிபந்தனை 2017-இல்தான் நீக்கப்பட்டது. உதிரப்பட்டி ஆண்வழியில் சென்றதைக் குறைகூறும் தகுதி நமக்கு வந்து இன்னும் பத்தாண்டு ஆகவில்லை.

மற்றொரு செட்டிகுளம்

செட்டிகுளம் என்ற பெயரை நூலகத்தில் தேடுவோர்க்குப் பெரம்பலூரைவிட மிகுதியாகக் கிடைப்பது இலங்கை வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளமே. அதன் காரணம் துயரமானது. 2009-இல் போர் முடிவில் வன்னியிலிருந்து வெளியேறிய மக்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் அப்பிரிவில் அமைந்தது. முகாம்களில் அடைக்கப்பட்டோர் மூன்று இலட்சத்தை நெருங்கினர். அவர்களுள் போராளிக் குடும்பங்களும் போரோடு தொடர்பே இல்லாத குடும்பங்களும் கலந்திருந்தன. ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் தனியே மறுவாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டனர்.

நெருக்கடிக்கான ஏற்பாடு என்ற அளவில் மெனிக் பாமில் கூடாரம், நீர், உணவு, மருத்துவம் யாவும் இருந்தன. இல்லாதிருந்தது வெளியேறும் உரிமை. 2012 செப்டம்பரில் முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக அனுப்பப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்குச் செல்லவில்லை. அவர்கள் நிலம் படையினர் வசம் இருந்ததால் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டனர். நெடிய போராட்டத்துக்குப் பின் நிலத்தின் ஒரு பகுதி 2017-இல் திரும்பியது. படைவீரனின் குடும்பத்துக்கு ஊர் நிலம் ஈந்தது உதிரப்பட்டி. இங்கு ஊரின் நிலத்தில் படை குடியிருந்தது. முகாம் முடிந்ததைக் கொண்டு வீடற்ற நிலை முடிந்ததாகக் கணக்கிடக் கூடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழர் வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

எண்ணப்படாதோர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி 28 இரவில் சாலையோரம், நடைமேடை, கோயில் மண்டபம் போன்ற இடங்களில் தங்கியோரை வீடற்றோராக எண்ணியது. நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர். அண்ணன் வீட்டுத் திண்ணையிலோ வயற்காட்டு மோட்டார் கொட்டகையிலோ ஒண்டியிருக்கும் கைம்பெண் இக்கணக்கில் வரமாட்டார். அவர் ஒரு கூரையின்கீழ் இருப்பவர். சிற்றூர்களில் வீடற்ற நிலை ‘ஒண்டியிருத்தல்’ என்னும் வடிவில்தான் பெரிதும் நிலவுகிறது. தமிழில் அதற்குச் சொல் இருக்கிறது. புள்ளிவிவரத்தில் கட்டம் இல்லை.

உச்சநீதிமன்றம் 2010-இல் வகுத்த, ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவுகோல் நகரங்களுக்கானது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் தங்குமிடங்களும் நகர்ப்புறத்துக்கே உரியவை. செட்டிகுளத்தில் ஓரிரவில் வீட்டை இழப்பவருக்குப் பெரம்பலூருக்குப் பேருந்து ஏறுவதே முதல் வழி. 2024-25-இல் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் 8 இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டு, வீடொன்றுக்கு 3.50 இலட்சம் ரூபாய் வழங்குகிறது. பெரிய முயற்சி, ஆயின் குடிசைக்கு அடியிலுள்ள மண் தம்முடையதாக இருப்போர்க்கே அது எட்டும். ஒண்டியிருப்பவரிடம் பட்டா இல்லை என்பதே அவருடைய சிக்கல்.

அமெரிக்காவில் 2010-இல் ஓரிரவுக் கணக்கெடுப்பில் 74,087 ஆக இருந்த வீடற்ற முன்னாள் படைவீரர் எண்ணிக்கை 2024-இல் 32,882 ஆகக் குறைந்தது. வாடகை உதவியும் நிபந்தனையற்ற முதல் குடியமர்வும் இதற்கு அடிப்படை. அவற்றோடு ஒவ்வொரு வட்டாரத்திலும் பேணப்பட்ட பெயர்வாரிப் பட்டியலும் பணிசெய்தது: இன்னார், இங்கு உறங்குகிறார், இவருக்கு இது தேவை, இவருக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் இவர். படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது நடுகல் வாசகம். செல்வமிக்க ஒரு நாட்டின் நடைமுறையை அப்படியே பெயர்த்து நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பட்டியல் எழுதப் பணம் வேண்டியதில்லை; அதனை எழுதி வைத்திருக்கக் கடமைப்பட்ட ஓர் அருகமை அமைப்பு வேண்டும்.

அந்த அமைப்பு நம்மிடம் உண்டு. கிராமசபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊரில் படைப்பணியில் உள்ளோர், ஓய்வு பெற்றோர், இறந்தோரின் குடும்பங்கள், அவர்கள் இருக்கும் வீட்டின் பட்டா யார் பெயரில் உள்ளது, திருமணமும் பிறப்பும் படைப்பதிவில் ஏறியுள்ளனவா என்பன அடங்கிய ஏடு ஒன்றை ஊராட்சி பேணலாம். கிராம நிர்வாக அலுவலரும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் அதனை ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டால், இறப்புக்குப் பின் தேடி அலையும் ஆவணங்கள் இறப்புக்கு முன்பே சரியாகும். ஓய்வூதியர் வாழ்வுச் சான்று அளிக்கும் காலம் பொதுவாக நவம்பர்; உள்ளாட்சி நாள் கிராமசபை கூடுவதும் நவம்பர் முதல் நாளில். அன்று ஏட்டைப் படித்து, வராத பெயர் எது, அவர் எந்தத் திண்ணையில் இருக்கிறார் என்று கேட்பதற்கு ஒரு மணி நேரம் போதும். பிரயாக்ராசில் பணம் நிறுத்தப்படுமுன் அது செட்டிகுளத்துக்குத் தெரிந்துவிடும்.